துண்டறிக்கையில் இல்லாத பெண்

ஸ்டெம் செல்லுக்குத் தமிழில் குருத்தணு என்றொரு கலைச்சொல் உண்டு. அழகான சொல்தான். வெட்டிய வாழைக் கட்டையில் மறுநாளே குருத்து நீண்டிருப்பதைப் பார்த்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம். அல்சைமருக்குச் சிகிச்சை என்று தனியார் மையமொன்று அச்சடித்த துண்டறிக்கையை அண்மையில் வாசித்தபோது, அந்த அழகு எவ்வளவு சுலபமாக விலைக்குப் போகிறது என்று தெரிந்தது. குருத்து, துளிர், மறுபிறப்பு என்று பக்கமெல்லாம் தாவரங்கள். அட்டையில் நரைத்த முதியவர் பேரனை அடையாளம் கண்டு சிரிக்கிறார். அவருக்குச் சோறூட்டியவர், உடை மாற்றியவர், இரவெல்லாம் வாசற்கதவுக்குக் காவலிருந்தவர் யாரும் படத்தில் இல்லை.

முதலில் உருவகம். வாழைக்குப் பொருந்துவது நினைவுக்குப் பொருந்தாது. நரம்பணுக்களுக்கிடையே வாழ்நாளெல்லாம் பின்னப்படும் இணைப்புகளில்தான் நினைவு இருக்கிறது. புதிய அணு ஒன்று முளைத்தாலும் அதற்குப் பேரனின் பெயர் தெரியாது. இன்று அல்சைமருக்காகச் சோதிக்கப்படுபவற்றில் பல எலும்பு மஜ்ஜை, தொப்புள்கொடி போன்றவற்றிலிருந்து எடுக்கப்படும் மெசன்கைமல் செல்கள். இவை சுரக்கும் பொருள்கள் மூளையின் அழற்சியைத் தணிக்கக்கூடும் என்பதே ஆய்வாளர்களின் முக்கிய எதிர்பார்ப்பு. 2015இல் வெளியான தென்கொரிய ஆய்வில், தொப்புள்கொடி ரத்தத்திலிருந்து பெற்ற செல்களை 9 நோயாளிகளின் மூளைக்குள்ளேயே செலுத்தினார்கள். பெரிய கேடு நேரவில்லை. நோயின் வேகமும் குறையவில்லை. பாதுகாப்பைப் பார்க்கும் முதற்கட்ட ஆய்வு அது, அதைத் தோல்வி என்று எழுத மாட்டேன். அத்தகைய ஆய்வுகளைக் காட்டிக் கட்டணம் கேட்பவர்களோடுதான் எனக்குச் சண்டை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2007இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின் தலைப்பில் ஆராய்ச்சி, சிகிச்சை என இரண்டு சொற்களும் இருந்தன. 2013இல் சிகிச்சை என்ற சொல்லை நீக்கிவிட்டார்கள். பிழைதிருத்தியே பொழுதைக் கழிக்கும் என் போன்ற ஆசிரியைக்கு இது மனம் நிறைந்த திருத்தம். துண்டறிக்கை எழுதுகிறவர்கள் அதை இன்னும் பார்க்கவில்லை போலும்.

அதை என்னிடம் தந்தவள் என் பழைய மாணவி. நோய் அவளுடைய மாமியாருக்கு. நாத்தனார்கள் இந்தச் சிகிச்சையைப் பார்த்தே ஆகவேண்டும் என்கிறார்கள். “இது வேலை செய்யாதுன்னு நான் சொன்னா, பாத்துக்க மனசில்லாம சொல்றேன்னு ஆயிடும், மேடம்” என்றாள். ஒரு மகன் இதையே சொல்லியிருந்தால் விவரமானவன் என்றிருப்பார்கள். மருமகள் சந்தேகப்பட்டால் அது அவளுடைய அன்பின் மீதான சந்தேகமாகிவிடுகிறது. சிகிச்சை வியாபாரம் ஓடுவது நம்பிக்கையால் என்கிறோம். வேண்டாமென்று சொல்ல முடியாத பெண்களின் மௌனமும் சேர்ந்தே அதை ஓட்டுகிறது.

இந்த நோயின் வரலாற்றிலேயே இதன் தடம் இருக்கிறது. 1901இல் பிராங்க்பர்ட் மனநல விடுதியில் அலாய்ஸ் அல்சைமர் சந்தித்த அகுஸ்தே டிடர் 51 வயதுப் பெண். கணவர்மேல் பொறாமை கொண்டாள், சமையலில் தவறினாள் என்பவை அவளுடைய தொடக்க அறிகுறிகளாகப் பதிவாயின. பெண்ணின் வீட்டுவேலை குலைந்தபோது அது நோய்க்குறிப்பில் ஏறியது. குலையாமல் நடக்கும்வரை அதை எழுதிவைக்க எவருக்கும் தோன்றுவதில்லை.

மருத்துவத்துக்கு அவள் தேவைப்படுவதில்லை என்றும் சொல்ல முடியாது. அல்சைமர் ஆய்வுகளில் பரவலாகப் பயன்படும் நரம்பு-உளவியல் வினாநிரல் ஒன்று உண்டு. நோயாளிக்கு ஆத்திரம் வருகிறதா, பிரமை உண்டா, இரவில் எழுந்து நடக்கிறாரா என்றெல்லாம் கேட்கும். கேள்விகள் நோயாளியை நோக்கியவை இல்லை. உடனிருந்து பார்த்துக்கொள்பவர்தான் பதில் சொல்ல வேண்டும். பெரும்பாலும் அவர் மனைவி, மகள், மருமகள். மருந்து பலித்ததா என்பதன் ஒரு பகுதிச் சாட்சியம் அவளுடைய தூக்கமில்லாத இரவுகளிலிருந்து எடுக்கப்படுகிறது. அந்த நிரலில் அவளுக்கென்றும் ஒரு கட்டம் இருக்கிறது: இது உங்களை எவ்வளவு வருத்துகிறது? பூஜ்யத்திலிருந்து 5 வரை ஓர் எண் சொல்லலாம். அவள் 5 என்று சொன்னால் அடுத்து யார் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு அதில் கட்டம் எதுவுமில்லை.