தலைக்கணக்கு

வில்லனுக்கு முகமே இல்லாத கதையை சினிமாவாக எடுப்பது சிரமம். கேமராவை எங்கே கொண்டுபோய் வைப்பீர்கள்? ஒரு விண்ணப்பப் படிவத்துக்கு க்ளோஸ்-அப் போட முடியுமா? 2008-ல் 'அமெரிக்கன் வயலெட்' படத்தை எடுத்த டைரக்டர் டிம் டிஸ்னிக்கு இந்தச் சிக்கல் வந்திருக்கிறது. அவர் சுலபமான வழியை எடுத்துக்கொண்டார். அதே டெக்ஸஸ் மாநிலம், ஏறக்குறைய அதே வருஷங்கள், அதே மாதிரி அநியாயம். இதைப் பற்றி நேட் பிளேக்ஸ்லி என்ற பத்திரிகையாளர் 2005-ல் எழுதிய புத்தகம் 'டூலியா'. அது கஷ்டமான வழியில் போகிறது. படத்தைப் பார்த்த கையோடு புத்தகத்தையும் படித்தால் எது எங்கே கோட்டை விட்டது என்று தெரியும். அதற்கு முன் கொஞ்சம் மானியக் கணக்கு. கொட்டாவி விடாதீர்கள், இதில் ஒரு கொலை இருக்கிறது.

1988 பிப்ரவரி 26, விடிவதற்கு முந்தைய இருட்டு. நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் ஒரு வீட்டுக்கு வெளியே போலீஸ் காரில் தனியாக உட்கார்ந்திருந்தார் எட்வர்ட் பர்ன். வயசு 22. அந்த வீட்டுக்காரர் கயானாவிலிருந்து வந்து குடியேறியவர். தெருவில் போதைமருந்து விற்கிறவர்களைப் பற்றி விடாமல் புகார் கொடுத்துக்கொண்டிருந்தார். அவருக்குத்தான் காவல். காரில் இருந்தபடியே பர்னைச் சுட்டுக் கொன்றார்கள். ஜெயிலில் இருந்த ஒரு போதை வியாபாரி அனுப்பிய உத்தரவு. கூலி 8,000 டாலர். நாடே கொதித்துப்போனது. அந்த வருஷமே வந்த போதை ஒழிப்புச் சட்டத்தில், மாநில, உள்ளூர் போலீஸுக்கு மத்திய அரசு பணம் தரும் திட்டத்துக்கு இந்தப் பையனின் பெயரை வைத்தார்கள். பர்ன் மானியம். 2005-ல் இன்னொரு மானியத்தோடு சேர்த்துக் கட்டினார்கள், பெயர் மட்டும் மாறவில்லை.

அமெரிக்கப் போலீஸ் ஒரே தலைமையின் கீழ் இல்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஊருக்கு ஒன்று, கவுண்டிக்கு ஒன்று என்று சுமார் 18,000 தனித்தனி அமைப்புகள். பல ஊர்களில் மொத்தப் படையே பத்துப் பேர். வாஷிங்டன் இவர்களுக்குக் கட்டளை போட முடியாது. காசு போடலாம். காசு போட்டால் கட்டளை போட்ட மாதிரிதான் என்பதைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு ரொம்ப நாள் ஆகவில்லை.

பர்ன் பணத்தில் பல கவுண்டிகள் சேர்ந்து போதைத் தடுப்புப் படைகளை அமைத்தன. டெக்ஸஸில் மட்டும் ஒரு கட்டத்தில் ஐம்பது வாக்கில் இருந்தன. நூறு ரூபாய் செலவென்றால் எழுபத்தைந்து வாஷிங்டன் தரும், மீதி இருபத்தைந்தை நீங்கள் போட வேண்டும். ஏழைக் கவுண்டிக்கு இருபத்தைந்துக்கு எங்கே போவது? போதை வழக்கில் பறிமுதல் செய்த கார், ரொக்கம் இருக்கிறதே, அதை வைத்துப் பங்கு கட்டினார்கள். ஆக, பிடித்தால் பங்குப் பணம் வரும். அடுத்த வருஷம் விண்ணப்பம் போடும்போது எத்தனை பேரைக் கைது செய்தோம், எத்தனை வழக்கு, எவ்வளவு சரக்கு என்ற எண்கள்தான் துணை. அதில் வேலை பார்க்கிறவர்களின் சம்பளமே அந்த மானியத்தை நம்பித்தான். யாரும் பொய் வழக்குப் போடச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமே இல்லாதபடி ஏற்பாடு அமைந்துவிட்டது.

டூலியா இங்கேதான் வருகிறது. டெக்ஸஸின் வடக்கே, அமரில்லோவுக்கும் லபக்குக்கும் நடுவில், பருத்தியும் கால்நடையுமாக வறண்ட சமவெளியில் அப்போது ஐயாயிரம் பேர் வசித்த ஊர். 1999 ஜூலை 23 அதிகாலை போலீஸ் கதவைத் தட்டி 46 பேரைக் கைது செய்ய ஆரம்பித்தது. பெரும்பாலோர் கறுப்பர்கள். அந்த ஊர்க் கறுப்பர்களில் பத்துக்கு ஒருவர் என்று வருகிறது கணக்கு. அரைகுறை உடையில் வெளியே இழுத்து வந்ததை டி.வி. கேமராக்கள் காத்திருந்து படம் எடுத்தன. ஊர்ப் பத்திரிகை, தெருக்குப்பை ஒழிந்தது என்ற அர்த்தத்தில் தலைப்புப் போட்டது.

இவ்வளவு பெரிய கோகெய்ன் வலையைப் பிடித்தார்களே, வீடுகளில் எவ்வளவு கோகெய்ன் கிடைத்தது? ஒன்றுமில்லை. பணக்கட்டு? இல்லை. துப்பாக்கி? அதுவும் இல்லை. 46 பேரும் வியாபாரிகள் என்றால் வாங்குகிறவர்கள் யார் என்று ஒரு பள்ளிக்கூடப் பையன்கூடக் கேட்டிருப்பான்.

எல்லாவற்றுக்கும் ஒரே சாட்சி டாம் கோல்மேன். மானியப் படைக்காகப் பதினெட்டு மாதம் மாறுவேஷத்தில் ஊருக்குள் திரிந்தவர். பெயரிலேயே 'கோள்' இருக்கிறது என்று சிலேடை பண்ணத் தோன்றும். தண்டனைகளைப் பார்த்தபின் தோன்றாது. ஒலிப்பதிவு கிடையாது, வீடியோ கிடையாது, கூட இன்னொரு போலீஸ் கிடையாது. குறிப்புகளைத் தன் காலில் எழுதி வைத்துக்கொண்டாராம். வேஷத்தில் இருக்கும்போதே, முன்பு வேலை பார்த்த கவுண்டியிலிருந்து அவர் மேல் திருட்டு வாரண்ட் வந்தது, அரசாங்கப் பெட்ரோலைச் சொந்த வண்டிக்குப் போட்டதற்காக. மேலதிகாரிகளுக்கு இது தெரியும். ஆனாலும் ஆளை விடவில்லை. பதினெட்டு மாத உழைப்பு, நூற்றுக்கு மேல் 'கொள்முதல்', அத்தனையும் அறிக்கையில் எண்ணாக ஏறக் காத்திருக்கிறது. யார் விடுவார்கள்?

பன்றி வளர்த்துப் பிழைத்த ஐம்பத்தேழு வயசு மனிதருக்கு, பழைய வழக்கு ஒன்றும் இருந்ததால், 90 வருஷம். இன்னொருவருக்கு முந்நூறு வருஷத்துக்கு மேல். குற்றம் சாட்டப்பட்ட சரக்கு பல வழக்குகளில் மூன்று, மூன்றரை கிராம். பள்ளிக்கூடத்துக்கோ பூங்காவுக்கோ பக்கத்தில் விற்றதாகச் சேர்த்துவிட்டால் தண்டனை எகிறும். சின்ன ஊரில் எது பக்கமில்லை? முதல் சில தீர்ப்புகளைப் பார்த்ததும் மற்றவர்கள் நடுங்கிப்போய், செய்யாததைச் செய்தேன் என்று ஒப்புக்கொண்டு குறைந்த தண்டனை வாங்கிக்கொண்டார்கள். இதுதான் 'ப்ளீ பார்கெய்ன்'. பேரம் என்பது சரியான வார்த்தை. கோல்மேனுக்கு அந்த ஆண்டின் டெக்ஸஸ் மாநிலச் சிறந்த போலீஸ்காரர் விருது கிடைத்தது.

இதை பிளேக்ஸ்லி சொல்லும் விதம் எனக்குப் பிடித்தது. அவர் இதை முதலில் 2000-ல் 'டெக்ஸஸ் அப்சர்வர்' பத்திரிகையில் எழுதினார். புத்தகத்தில் குரலை உயர்த்துவதே இல்லை. ஆவணத்தை எடுத்து வைக்கிறார், பக்கத்தில் இன்னொன்றை வைக்கிறார், இரண்டும் ஒத்துவராததை நாமே பார்த்துக்கொள்கிறோம். கோகெய்ன் விற்றதாகச் சொன்ன நேரத்தில் ஒருவர் வேலை செய்யுமிடத்தில் இருந்ததற்கு அவருடைய டைம் கார்டு சாட்சி. ஒரு பெண் அன்றைக்கு பக்கத்து மாநிலத்தில், ஓக்லஹோமா சிட்டியில் இருந்தார். வங்கிக் கணக்கு அதை நிரூபித்தது. ஆவணம் கைக்குக் கிடைத்தவர்கள் பிழைத்தார்கள். ரசீதுகளை பத்திரமாக வைத்திருக்கும் பழக்கம் எத்தனை ஏழைகளுக்கு உண்டு?

குறையும் சொல்லிவிடுகிறேன். நானூறு பக்கத்துக்கு மேல், பெயர்கள் ஏகப்பட்டது. பென்சிலும் தாளும் வைத்துக்கொண்டு யார் யாருக்கு அத்தை மகன் என்று குறித்துக்கொண்டே போக வேண்டியிருக்கிறது. ஆனால் ஊரின் வெள்ளைக்காரர்களை அவர் ஒரே சாயத்தில் முக்கவில்லை. பள்ளியில் மாணவர்களுக்குப் போதைச் சோதனை நடத்துவதை எதிர்த்து ஏற்கெனவே வழக்குப் போட்டிருந்த ஒரு முரட்டு விவசாயி வருகிறார். வாய் மோசம், மனசு சுத்தம். நாவலாசிரியர்கள் பொறாமைப்படும் பாத்திரம். ஷெரீஃப், ஜூரி, மானியப் படையின் அதிகாரிகள் எல்லோருமே தங்கள் ஊருக்கு நல்லது செய்வதாக நம்பியவர்கள். பயமே அங்கேதான்.

இப்போது படம். 'அமெரிக்கன் வயலெட்' நிஜத்தில் டெக்ஸஸின் ஹெர்ன் என்ற ஊரில் 2000 நவம்பரில் நடந்தது. அங்கேயும் மானியப் படை, அங்கேயும் நம்பத்தகாத ஒற்றை உளவாளி, அங்கேயும் கறுப்பர்கள் வரிசையாகக் கைது. படத்தில் ஊர், பேர் எல்லாம் மாற்றிவிட்டார்கள். நான்கு பெண் குழந்தைகளின் தாய், ஹோட்டலில் பரிமாறுகிறவள். ஒப்புக்கொண்டால் வீட்டுக்குப் போகலாம் என்கிறார்கள். மாட்டேன் என்கிறாள். நிகோல் பெஹாரிக்கு ஏறக்குறைய முதல் படம், நம்ப முடியாது. ஒப்புக்கொள்ளடி என்று மகளிடம் மன்றாடும் அம்மாவாக ஆல்ஃப்ரே வுடார்ட். மகளுடைய வீரத்தைவிட அம்மாவின் அந்தக் கோழைத்தனம்தான் நெஞ்சில் நிற்கிறது. அதில் அத்தனை வருஷ அனுபவம் இருக்கிறது.

இவ்வளவு நன்றாகப் போகும்போது, டிஸ்னி மொத்தப் பழியையும் ஒரே ஒரு டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி தலையில் கட்டிவிடுகிறார். இனவெறி பிடித்த ஆள். பார்த்தவுடன் அறையலாம் போலிருக்கிறது. வழக்கின் கடைசிப் பகுதி முழுவதும், அவர் மனசுக்குள் இருக்கும் வெறியை வெளியே கொண்டுவருவதிலேயே போகிறது. மானியத்தைப் பற்றி வசனத்தில் சொல்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பாப்கார்ன் எடுக்கிற நேரத்தில் தப்பிப்போய்விடும். வில்லன் மாட்டிக்கொண்டதும் நமக்கு நிம்மதி. தியேட்டரைவிட்டு வரும்போது ஒரு கெட்டவன் தொலைந்தான் என்று வருகிறோம். அந்த நாற்காலியில் ஒரு நல்லவரை உட்கார வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று படம் கேட்கவே இல்லை. அவருக்கும் அதே படிவம்தானே வந்திருக்கும்?

மத்தியப் பணமே தப்பு என்று சிலர் இதிலிருந்து தாவுவார்கள். அது அவசரம். 2009-ல் டெட்ராய்ட் போலீஸ் கிடங்கு ஒன்றில், பலாத்காரத்துக்கு ஆளான பெண்களிடமிருந்து எடுத்த தடயப் பெட்டிகள் சோதனையே செய்யப்படாமல் சுமார் 11,000 கிடந்தன. ஒவ்வொன்றும் ஒரு பெண் அவமானத்தை விழுங்கிக்கொண்டு மணிக்கணக்கில் ஆஸ்பத்திரியில் படுத்துக் கொடுத்தது. திவாலாகிக்கொண்டிருந்த ஊரால் அத்தனையையும் சோதிக்க முடியாது. 2015-ல் இதற்கென்றே மத்திய அரசு மானியம் வந்தது. அங்கே எண்ணச் சொன்னது, எத்தனை பெட்டி திறந்து சோதித்தீர்கள், எத்தனை பேரை அடையாளம் கண்டீர்கள் என்று. பல ஊர்களில் பெட்டிகள் திறக்கப்பட்டன. எதை எண்ணச் சொல்கிறீர்களோ அது நடக்கிறது. டூலியாவிலும் அதுதானே நடந்தது?

2003 மார்ச்சில் ஒரு ஓய்வுபெற்ற நீதிபதி முன்னால் கோல்மேன் திரும்பவும் கூண்டேறினார். இருபத்தைந்து வருஷ அனுபவத்தில் இப்படி ஒரு தில்லாலங்கடி போலீஸ் சாட்சியைப் பார்த்ததில்லை என்கிற ரீதியில் நீதிபதி எழுதினார். ஆகஸ்டில் ஆளுநர் ரிக் பெர்ரி 35 பேருக்கு மன்னிப்பு வழங்கினார். செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு! மறு வருஷம் அமரில்லோ நகரம் 50 லட்சம் டாலர் கொடுத்து, அந்தப் படையையும் கலைக்க ஒப்புக்கொண்டது. 2005-ல் கோல்மேனுக்குப் பொய்ச்சாட்சி சொன்னதற்குத் தண்டனை. சிறை இல்லை, பத்து வருஷக் கண்காணிப்பு.

இடையில், 2001-ல், உளவாளியின் சொல்லை மட்டும் வைத்து யாரையும் போதை வழக்கில் தண்டிக்கக்கூடாது என்று டெக்ஸஸ் சட்டம் போட்டது. ஆனால் உரிமம் பெற்ற போலீஸ்காரருக்கு அது பொருந்தாது. கோல்மேன் போலீஸ்காரர். சட்டம் முன்பே இருந்திருந்தாலும் டூலியாவை அது காப்பாற்றியிருக்காது.

2009 பொருளாதாரச் சரிவில் ஊக்கத்தொகையாக ஒரே மூச்சில் 200 கோடி டாலர் பர்ன் மானியத்துக்குப் போனது. 2013-ல் நியூயார்க்கின் பிரென்னன் மையம் அந்தப் படிவத்தை எடுத்து வரிவரியாகப் படித்து ஒரு அறிக்கை போட்டது. எழுதியவர்களில் ஒருவர் பெயர் இனிமை செட்டியார். எத்தனை கைது என்று கேட்கிறார்கள், குற்றம் குறைந்ததா என்று கேட்கவில்லை. எத்தனை கிலோ கோகெய்ன் என்று கேட்கிறார்கள், பிடிபட்டவருக்குப் போதைச் சிகிச்சை தேவையா என்று பார்த்தீர்களா என்று கேட்கவில்லை. அறிக்கையின் சாரம் இவ்வளவுதான். அதற்குப் பிறகு படிவத்தின் கேள்விகள் மாறின. டூலியாவுக்குப் பதினாலு வருஷம் கழித்து.

டூலியா கைதிகளை வெளியே கொண்டுவந்த வழக்கறிஞர் கூட்டத்தில், சட்டக் கல்லூரி முடித்து நேராக வந்த 26 வயசுப் பெண் ஒருவர் இருந்தார். வனிதா குப்தா. பெற்றோர் இந்தியாவிலிருந்து போனவர்கள். பெட்டி பெட்டியாகக் காகிதங்களை டூலியாவிலிருந்து தூக்கிக்கொண்டு போனவர். அவருக்கு இதுதான் முதல் வழக்கு. 2021-லிருந்து 2024 தொடக்கம் வரை அவர் அமெரிக்க நீதித்துறையில் மூன்றாவது பெரிய பதவியில் இருந்தார். பர்ன் மானியத்தைப் பட்டுவாடா செய்யும் அலுவலகம் அந்தப் பதவியின் கீழேதான் வருகிறது. பிளேக்ஸ்லியின் புத்தகம் 2005-லேயே முடிந்துவிட்டதால் இது அதில் இல்லை.