சிறுபாணாற்றுப்படையில் இரு வாயில்கள்

தம்மை உருவாக்கிய எழுத்தாளர்களின் இல்லங்களைத் தேடிச் சென்று, வழியிற் கண்ட மரஞ்செடிகளையும் புள்ளினங்களையும் எழுதிவைக்கும் இயற்கை எழுத்தாளர்கள் மேனாட்டில் உண்டு. இல்லந்தேடும் இலக்கியம் தமிழில் ஆற்றுப்படையாக முன்பே இருக்கிறது. ஆயினும் அங்குத் தேடப்படுவது புலவன் வீடன்று, புரவலன் வீடு. 1889இல் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்த பத்துப்பாட்டுள் ஒன்றான சிறுபாணாற்றுப்படையை இவ்வேறுபாட்டை மறவாது படித்தல் வேண்டும் என்பது நம் கருத்து.

நல்லியக்கோடனின் கிடங்கில் இன்றைய திண்டிவனத்தைச் சார்ந்த கிடங்கல் என்றும், எயிற்பட்டினம் விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம் என்றும் ஆய்வாளர் கொள்வர். இவ்வழியைப் பாடிய இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனாரின் கண் கூரியது. தாழை அன்னம்போலப் பூக்கிறது. அலை கொணர்ந்த நறுமணக் கட்டைகள் உறங்கும் ஒட்டகங்கள்போற் கிடக்கின்றன. அவற்றையே நுளைமகள் விறகாக எரிக்கிறாள். (ஒட்டகத்தைப் புலவர் எங்குக் கண்டாரோ!) பி. எல். சாமியின் 'சங்க இலக்கியத்தில் செடிகொடி விளக்கம்' போன்ற நூல்களைத் துணைக்கொண்டு இப்பகுதிகளைப் பயில்வது பேரின்பம்.

எனினும், இவ்வின்பத்தோடு நின்றுவிடும் திறனாய்வு நமக்கு நிறைவளிப்பதில்லை. 269 அடிகளுள் நம் நெஞ்சைப் பிடித்து நிறுத்துவது வேறோர் அடுக்களை. கூரை வீழ்ந்து காளான் பூத்த அங்கே, கண் திறவாத குட்டிகள் வற்றிய முலையைப் பற்ற, ஈன்ற நாய் பொறாது குரைக்கிறது. பாணனின் மனைவி குப்பைக்கீரையைக் கிள்ளி, உப்பின்றி வேகவைத்து, பிறர் காண நாணிக் கதவை அடைத்துச் சுற்றத்தோடு உண்கிறாள். வறுமையினும் நாணமே இங்கு மிகுதியாய்ச் சுடுகிறது. இல்லச் சந்திப்புக்குச் செல்லும் ஆயர் எவரும் இவ்வாறு சார்த்தப்படும் கதவை அறிவர்.

நல்லியக்கோடனின் வாயிலோ பொருநர்க்கும் புலவர்க்கும் அந்தணர்க்கும் அடையாதது. அதனைப் புகழும் உரைகள் பல. இவ்விரு வாயில்களையும் ஒருசேர நிறுத்திப் பார்ப்போர் சிலரே. வழியில் மீன் சுட்டுத் தந்த பரதவரும், புளிச்சோறிட்ட எயினரும், வெண்சோற்றோடு நண்டு படைத்த உழவரும் பெயரின்றி நிற்க, பாட்டோ தலைவன் புகழோடு முடிகிறது. ஆற்றுப்படுத்தும் பாணன் யானையும் தேரும் பெற்று மீள்வதைச் சொல்கிறான். அவன் மனைவி அடைத்த கதவு திறந்த காட்சியை மட்டும் நத்தத்தனார் நமக்குக் காட்டவில்லை.