ஈல்டன் ஏரியில் பெருமீன்களின் பருவம்

மெல்பர்ன் நகருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தூரத்தில், கோல்பர்ன் நதியை மறித்து எழுப்பப்பட்டு, 1950களில் அணை உயர்த்தப்பட்டபின் இன்றைய விசாலத்தை அடைந்த ஈல்டன் ஏரி, நிரம்பி நிற்கும் காலத்தில் 3,334 ஜிகாலிட்டர், அதாவது நம் ஊர்க் கணக்கில் சுமார் 118 டி.எம்.சி. நீரைக் கொள்வது, மேட்டூர் ஸ்டான்லி நீர்த்தேக்கத்தைக் காட்டிலும் காற்பங்கு பெரியது. இத்தகைய ஏரியில் தூண்டில் விளையாட்டின் வருங்காலம் எப்படி என்று வினவுவோருக்கு, அதில் விடப்பட்ட குஞ்சுகளின் தொகையையே விடையாகச் சொல்லும் வழக்கம் இங்கே வேரூன்றிவிட்டது. அந்தத் தொகை உண்மையானதே. ஆயினும் ஏரியின் தகுதியை அது ஒன்றைக்கொண்டு நிர்ணயிப்பது தவறு என்பது என் திடமான அபிப்பிராயம்.

கடந்த தசாப்தத்தின் முற்பகுதியில், மூன்றாண்டுத் திட்டமொன்றின்படி, பத்து லட்சம் மர்ரே காட் குஞ்சுகள் ஈல்டனில் விடப்பட்டன. பின்னர், இங்குள்ளோர் ‘யெல்லோபெல்லி’ என்றழைக்கும் பொன்னிற பெர்ச் குஞ்சுகளும் அதே பிரமாணத்தில் விடப்பட்டன. ஏரிக்கு அருகே ஸ்னாப்ஸ் கிரீக்கில் உள்ள அரசாங்கக் குஞ்சு பொரிப்பகம் இத்தகைய காரியங்களுக்கு ஆதாரமாக விளங்குகிறது; தூண்டிற்காரர் செலுத்தும் உரிமக் கட்டணம் மீன்வள விருத்திக்குச் செல்லும்படி விதி வகுக்கப்பட்டிருப்பதால், இதில் சாமானிய மனிதனின் பங்கும் உண்டு. ஆனால் விடப்படுபவை சில சென்டிமீட்டர் நீளமே உள்ள விரலிகள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்திலிருந்து கொண்டுவரப்பட்ட ரெட்ஃபின் மீனும், கரையோரம் காத்திருக்கும் நீர்க்காகமும் அவற்றில் எத்தனையை விழுங்கின என்பது விடும் நாளில் எழுதப்படும் கணக்கில் வராது. குஞ்சுகளின் காதெலும்பில் ஒளிரும் சாயத்தை ஏற்றி, பின்னாளில் பிடிபடும் மீன் பொரிப்பகத்தில் பிறந்ததா ஆற்றில் பிறந்ததா என்று கண்டறியும் முறையை இந்நாட்டு விஞ்ஞானிகள் கையாண்டிருக்கிறார்கள். நீர்நிலைக்கு நீர்நிலை பலன் பெரிதும் வேறுபட்டது என்பதே அதில் கண்ட உண்மை. எனவே, எத்தனை விட்டார்கள் என்று கேட்பதோடு, எத்தனை தங்கின, எந்த அளவுக்கு வளர்ந்தன என்றும் நாம் விடாமல் கேட்க வேண்டும்.

இந்தக் கேள்விக்கு ஈல்டனில் காட் மீன் நல்ல விடை அளித்து வருகிறது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலும் ஜீவித்திருக்கக்கூடிய இம்மீன், இனவிருத்திக்குத் தகுதி பெறவே நான்கைந்து ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறது. வசந்தத்தில் நீர் வெதுவெதுப்படைந்ததும் பெண்மீன் மரப்பொந்துகளில் முட்டையிட, ஆண்மீன் அவற்றைக் காத்து நிற்கிறது. உடல் பெருக்கப் பெருக்க முட்டைகளின் தொகையும் பெருகுவதால், ஒரு மீட்டர் நீளமுள்ள கிழ மீனே அந்த இனத்தின் மூலதனம். 1902இல் வால்கெட்டுக்கு அருகே பிடிபட்டதாகச் சொல்லப்படும் 113 கிலோ மீனைப் போன்றவை மீண்டும் தோன்றுமோ என்னவோ, 2003இல் தேசியச் சட்டத்தின் கீழ் அபாயத்துக்குள்ளான இனமாக அறிவிக்கப்பட்ட ஒரு மீனை இன்று பொழுதுபோக்குக்காகத் தேடிச் செல்ல முடிகிறதென்றால், 2014இன் இறுதியில் விக்டோரியாவும் நியூ சவுத் வேல்ஸும் கொண்டுவந்த அளவு விதிக்கு அதில் பெரும்பங்கு உண்டு என்று கருதுகிறேன். 55 முதல் 75 சென்டிமீட்டர் வரை உள்ளவற்றையே வீட்டுக்குக் கொண்டுசெல்லலாம். சிறியதையும் பெரியதையும் ஒருங்கே காக்கும் இவ்விதியை, குஞ்சு விடும் திட்டங்கள் அனைத்தையும்விட மேலான காரியமாக நான் மதிக்கிறேன்.

நீர்மட்டத்தின் செய்தி வேறு. ஈல்டன் முதன்முதலில் பாசனத்துக்காக ஏற்பட்டது. கோடையில் வயல்களுக்கு நீர் திறக்கப்பட ஏரி இறங்கும், மாரியிலும் வசந்தத்திலும் ஏறும். நீண்ட வறட்சியின் கடுமையில், 2007ஆம் ஆண்டை ஒட்டி, சேற்று மேடுகளுக்கிடையே ஒரு சிற்றோடை போல் சுருங்கிக் கிடந்த அதே ஏரி, 2022 அக்டோபர் வெள்ளத்தில் நிரம்பி வழிந்தது. நெடுநாள் வறண்டு புல் முளைத்த கரைகளை நீர் மீண்டும் மூடும்போது, புழுபூச்சிகளும் யாபி எனப்படும் நன்னீர் இறால்களும் பெருகி, அவற்றைத் தின்று சிறுமீனும், சிறுமீனைத் தின்று பெருமீனும் கொழுக்கின்றன. ஆகவே, நீர் ஏறிய ஆண்டை அடுத்து வரும் பருவங்களையே நான் அதிக நம்பிக்கையோடு எதிர்நோக்குவேன். தேங்கிய நீரில் நம்பத்தக்க வகையில் இனம் பெருக்காத யெல்லோபெல்லியைப் பற்றி மட்டும், குஞ்சு விடுவது நின்றால் அடுத்த தலைமுறையே இல்லை என்பதை மறவாதிருக்க வேண்டும்.

அணைக்குக் கீழே நிலைமை தலைகீழ். ஏரியின் அடியாழத்திலிருந்து திறக்கப்படும் குளிர்ந்த நீரில் காட் மீன் முட்டையிட இயலாது. ஆனால் டிரவுட் செழிக்கிறது. நீலகிரி அவலாஞ்சியில் 1907இல் டிரவுட் பொரிப்பகம் கண்டவர்களும், 1864இல் டாஸ்மேனியாவில் அம்மீனை இறக்கியவர்களும் தம் தாய்நாட்டு நதியையே இன்னொரு கண்டத்தில் காண விழைந்தார்கள். அந்த விழைவு ஒரு சுதேச இனத்தின் இடத்தில் நிகழ்ந்தது என்பதை எண்ணி நான் வருந்துகிறேன்.

ஆங்காங்கே விசாரிக்கும் வாசகர்களுக்குச் சில வார்த்தைகள். ஜூன் முதல் ஆகஸ்டு வரை, குளிரைப் பொருட்படுத்தாமல், மூழ்கிய மரங்கள் நிற்கும் ஏரிக் கிளைகளில் அந்தி சாய்ந்தபின் பெரிய செயற்கை இரையை மெதுவாக இழுப்பவருக்கே பெரிய காட் கிட்டும். செப்டம்பருக்குப் பின் வெயில் காயும் பாறைக்கரைகளில் யெல்லோபெல்லி மேலேறும். கோடையில் மேல்நீர் சூடேறுவதால் டிரவுட் ஆழத்தில் ஒதுங்கும். விடியற்காலையில் படகிலிருந்து ஈயக்குண்டு கட்டி ஆழத்தில் இழுப்பதே பலன் தரும். இலையுதிர் காலத்தில் ரெட்ஃபின் கூட்டங்கள் குழந்தைகளுக்கும் ஏமாற்றம் அளிக்கமாட்டா. அவற்றை வேண்டுமட்டும் உண்ணலாம், சுவையும் உயர்ந்தது.

சிட்னி வாசகர்களுக்கு, வாராகம்பா அணையின் குடிநீர் ஏரியில் தூண்டிலே தடைசெய்யப்பட்டிருப்பதால், நீலமலையைக் கடந்து லித்கோவுக்கு அருகே லயல் ஏரிக்கும், மட்ஜி வட்டாரத்தில் விண்டமியருக்கும் போகலாம். பொன்னிற பெர்ச்சுக்கு விண்டமியர் பெயர்பெற்றது.

எங்கு சென்றாலும், 75 சென்டிமீட்டரைக் கடந்த காட் மீனை வாயைப் பற்றிச் செங்குத்தாகத் தூக்கிப் புகைப்படம் எடுப்பதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். தன் பாரத்தாலேயே அதன் தாடையும் உள்ளுறுப்புகளும் சிதைகின்றன. நீந்திச் சென்றதாக நாம் மகிழ்ந்த மீன் சில நாட்களில் மடியக்கூடும். கைகளை நனைத்து, வயிற்றைத் தாங்கி, படகின் ஓரத்திலேயே நீரை விட்டு அதிகம் உயர்த்தாமல் தூண்டில்முள்ளைக் கழற்றுங்கள். படம் வேண்டுமென்றால் மீன் நீரில் கிடக்கும்போதே எடுக்கலாம்.