கார்வர் எம்-1.0டி திறன் பெருக்கி

கார்வர் எம்-1.0டி என்பது அமெரிக்கப் பொறியாளர் பாப் கார்வர் 1980களில் வடிவமைத்த டிரான்சிஸ்டர் திறன் பெருக்கி (ஆம்ப்ளிஃபயர்) ஆகும். வால்வு பெருக்கியின் ஒலியைத் தருவதே இதன் நோக்கம். பெயரின் இறுதியில் உள்ள 'டி', பரிமாற்றச் சார்பைக் குறிக்கிறது. உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் உள்ள தொடர்பே பரிமாற்றச் சார்பு எனப்படும்.

வால்வு ஒலி

வால்வு ஒலி இனிமையானது என்று இசை ஆர்வலர் பலர் கூறுவர். இதற்கு இரண்டு முக்கியக் காரணங்கள் உண்டு. பல வால்வு பெருக்கிகள் மூல ஒலியுடன் அதன் இருமடங்கு அதிர்வெண்ணை, அதாவது ஒரு ஸ்தாயி மேலான ஒலியை, சிறிதளவு சேர்க்கின்றன. இது காதுக்கு உறுத்துவதில்லை. மேலும், அவற்றின் வெளியீட்டு மின்மறுப்பு அதிகம். ஒலிபெருக்கியின் மின்மறுப்பு அதிர்வெண்ணுக்கு ஏற்ப மாறுவதால், சில சுரங்கள் சற்று உயர்ந்தும் சில தாழ்ந்தும் ஒலிக்கும்.

1985 சோதனை

எந்தப் பெருக்கியின் ஒலியையும் தம் மலிவான பெருக்கியில் கொண்டுவர முடியும் என்று கார்வர் சவால் விட்டார். 'ஸ்டீரியோஃபைல்' இதழ் அதனை ஏற்றது. சோதனை நியூ மெக்சிகோவின் சாண்டா ஃபே நகரில் நடந்தது. விலை உயர்ந்த கான்ராட்-ஜான்சன் பிரீமியர் ஃபைவ் வால்வு பெருக்கியே ஒப்பீட்டுக்குரியது எனப் பின்னர் தெரியவந்தது.

கார்வர் இரு பெருக்கிகளுக்கும் ஒரே இசையைச் செலுத்தி, வெளியீடுகளை ஒன்றிலிருந்து ஒன்று கழித்தார். இரண்டும் ஒன்றேயானால் எஞ்சுவது மௌனம். அந்த மிச்சத்தைக் குறைக்கச் சுற்றைப் படிப்படியாகத் திருத்தினார். முடிவில் வேறுபாடு 70 டெசிபல் தாழ்ந்தது. மின்னழுத்தத்தில் இது ஏறத்தாழ மூவாயிரத்தில் ஒரு பங்கு. கேட்ட இதழாசிரியர்களால் இரண்டையும் பிரித்தறிய இயலவில்லை.

மதிப்பீடு

வால்வு ஒலி கண்ணாடிக் குழாயில் ஒளிந்திருக்கும் மாயமன்று; அளந்து, மறுபடி உருவாக்கக்கூடிய இயல்பு. இதை நிறுவியதே கார்வரின் சாதனை.

ஆயினும் மூன்று குறைகளைச் சுட்ட வேண்டும். முதலாவது, அந்த 70 டெசிபல் கையால் திருத்திய ஒரே கருவிக்கு உரியது. தொழிற்சாலையில் உறுப்புகளைப் பொருத்தி அதே நெருக்கத்தைப் பெறுவது கடினம். விற்பனைக்கு வந்த கருவியின் ஒப்புமை குறைவு என அதே இதழ் பின்னர் எழுத, சர்ச்சை மூண்டது. இரண்டாவது, ஒப்புமை இயல்பான ஒலி அளவுக்கு உரியது. வரம்பு மீறும்போது வால்வும் டிரான்சிஸ்டரும் ஒரே விதமாகத் தடுமாறுவதில்லை.

மூன்றாவது குறை அடிப்படையானது. பெருக்கியின் கடமை வந்த ஒலியை மாற்றாமல் பெரிதாக்குவது. இங்கே பின்பற்றப்படுவதோ மற்றொரு கருவியின் பிழை. அது இனிய பிழையாக இருக்கலாம். எனினும் உண்மை ஒலி ஆகாது.

கார்வரே பின்னாளில் 'சில்வர் செவன்' என்ற வால்வு பெருக்கியை உருவாக்கி, அதன் ஒலியைத் தழுவி டிரான்சிஸ்டர் வடிவம் ஒன்றையும் வெளியிட்டார். இனிமை வேறு, துல்லியம் வேறு என்பதைப் பிரித்துக் கேட்கத் தூண்டியதே எம்-1.0டியின் நிலைத்த பயன்.