மெய்ப்பாட்டியலும் துயருற்ற உள்ளமும்

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலிற் கூறும் உடற்குறிகளை உள்ளத்துயரின் வெறும் அடையாளங்களாகக் கொள்வதே நம்மிடைப் பெருவழக்கு. உள்ளம் வருந்த உடல் மெலியும் என்பதோடு அவ்விளக்கம் நின்றுவிடுகின்றது. அஃது ஒருபாதி உண்மையேயாம்.

தலைவனைக் கூடப்பெறாது வருந்துந் தலைவியின் மெய்ப்பாடுகளைத் தொகுக்கும் நூற்பாவை நோக்குக. இன்பத்தில் வெறுப்பும் துன்பத்திற் புலம்பலும் முன் நிற்கின்றன. பசி வருத்தவும் வாளாவிருத்தல், உணவு குறைதல், உடல் சுருங்குதல், உறக்கமின்மை என்பன அடுத்து வருகின்றன. அவற்றின் பின்னரே கனவால் மயங்குதலும், மெய்யைப் பொய்யெனக் கொள்ளுதலும், ஐயமும், நெஞ்சழிவும் கூறப்படுகின்றன. ஒன்று மற்றொன்றற்குக் காரணமென ஆசிரியர் கூறினாரல்லர். எனினும் அவர் வைத்த அடைவு சிந்தித்தற்குரியது. துயர் ஊணையும் உறக்கத்தையும் கெடுக்கின்றது. அக்கேடு மீண்டும் உள்ளத்தையே கலக்குகின்றது. உறக்கமின்மை மனச்சோர்வின் விளைவாதலோடு அதனை வளர்க்கும் ஏதுவுமாம் என்பது இக்கால உளவியலார்க்கும் உடன்பாடு.

திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்துப் பத்துக் குறள்களுள் ஆறு உணவுநெறி பற்றியன. நன்கு பசித்தபின் அளவறிந்து உண்க என்பது அவற்றின் சாரம். பசித்தும் உண்ண மனங்கொள்ளாதார்க்கு இஃதொன்றே அமையுமோ? அமையாது. நோயின் முதலை நாடுக என வள்ளுவர் அவ்வதிகாரத்திலேயே விதித்தமை ஈண்டு நினைக்கத்தக்கது. தொல்காப்பியர் நூற்பா அம்முதலை உள்ளத்திற் காட்டுகின்றது.

இவ்விரு நூல்களையும் ஒருங்குவைத்துக் கற்பார், வகுப்பிற் சோர்ந்திருக்கும் மாணவனைச் சோம்பனென இகழார். அவன் உண்டனனா, உறங்கினனா, யாதுபற்றி வருந்துகின்றனன் என மூன்றையும் ஒருங்கே வினாவுவர்.