சாதாரண நிகழ்காலமும் வினாவும்: தமிழ்வழி ஆங்கில இலக்கண விளக்கங்கள் பற்றிய ஒரு மதிப்பீடு

தமிழ்மொழிமூலம் கல்வி பயின்ற மாணவர் ஒருவர், பாடசாலையிற் பல ஆண்டுகள் ஆங்கிலத்தை ஒரு பாடமாகக் கற்ற பின்னரும், பல்கலைக்கழக விரிவுரை மண்டபத்தில் ஆங்கிலத்தில் ஒரு வினாவை எழுப்பத் தயங்கி நிற்பதை நாம் காண்கின்றோம். கேட்டால் விடை கூறுவார், தாமாகக் கேட்கார். ஐயம் தீராமலே விரிவுரை முடிந்துவிடும். இந்நிலைக்குச் சமூக, பொருளாதாரக் காரணங்கள் பல உள. அவற்றை மறுப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. எனினும், ஆங்கில இலக்கணத்தைத் தமிழில் விளக்க முற்படும் நூல்களுக்கும் இதிற் பங்குண்டு என்பதே எமது துணிபு. தனியொரு நூலையோ ஆசிரியரையோ குறை கூறுதல் எம் கருத்தன்று. அந்நூல்கள் பொதுவாக மேற்கொள்ளும் முறையே ஈண்டு மதிப்பிடப்படுகின்றது. 'சாதாரண நிகழ்காலம்' என்ற பாடத்தையும் அதனோடு சேர்த்துக் கற்பிக்கப்படும் வினா ஆக்கத்தையும் அதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

பெயரால் விளைந்த மயக்கம்

இவ்வகை நூல்கள் 'ஐ கோ' என்பதற்கு 'நான் போகிறேன்' என்றும், 'ஐ ஆம் கோயிங்' என்பதற்கு 'நான் போய்க்கொண்டிருக்கிறேன்' என்றும் பொருள் தந்து மேற்செல்கின்றன. முன்னதற்குச் சாதாரண நிகழ்காலம் என்றும் பின்னதற்குத் தொடர்நிகழ்காலம் என்றும் பெயர். அட்டவணை அழகாகவே அமைந்துவிடுகின்றது. ஆனால், புறப்படும் நிலையில் வாயிலில் நிற்கும் ஒரு தமிழர் 'நான் போகிறேன்' என்றே கூறுவார். அதனையே ஆங்கிலத்திற் சொல்ல விழையும் மாணவர் அட்டவணையை நம்பி 'ஐ கோ' என்கிறார். பிழை அவருடையதன்று, அட்டவணையினுடையது.

'பிரசென்ற்' என்னும் பெயர் ஆங்கில இலக்கணகாரர் இலத்தீன் இலக்கண மரபிலிருந்து பெற்றுக்கொண்டதாகும். காலம் என்னும் பொருள்வகை வேறு, வினைச்சொல்லின் காலவடிவம் வேறு என்பதை ஒற்றோ யெஸ்பெர்சன் 1924இல் வெளிவந்த தம் இலக்கணத் தத்துவ நூலில் வற்புறுத்தினார். ஆங்கிலத்தின் இவ்வடிவம், பேசும் கணத்தில் நிகழ்வதைக் குறிப்பது அரிதே. நாள்தோறும் நிகழும் வழக்கம், என்றும் மாறா இயற்கை, அறிதல் விரும்பல் போன்ற உளநிலை, நாளைய புகையிரதத்தின் நேர ஒழுங்கு ஆகியனவே அதன் பெரும்பான்மைப் பொருள்கள். நாடகமொன்றின் கதையைக் கூறும் திறனாய்வாளரும் இவ்வடிவத்தையே ஆள்வர். ஹம்லெற்று தயங்குவது இன்று நேற்றன்று. அந்நாடகம் உள்ளவரை அவன் தயங்குவான். இத்துணையையும் 'நிகழ்காலம்' என்ற ஒரு சொல்லுள் அடக்கி, அச்சொல்லைத் தமிழ் இடைநிலையாகிய 'கிறு' என்பதனோடு சமப்படுத்துவதே மயக்கத்தின் தோற்றுவாயாகும்.

'செய்யும்' என்னும் வாய்பாடு

விந்தை யாதெனின், இம்மயக்கத்தைத் தீர்க்கும் கருவி தமிழ் இலக்கண மரபிலேயே உளது. முக்காலத்துக்கும் உரிய இயற்கைப் பொருளை எவ்வடிவாற் கூறுதல் வேண்டும் என்ற வினாவைத் தொல்காப்பியம் வினையியலில் எழுப்பி, நிகழ்காலத்துப் பொதுச்சொல்லாற் கூறுக என விதிக்கின்றது. அப்பொதுச்சொல்லை உரைகாரர் 'செய்யும்' என்னும் வாய்பாட்டு முற்றாகக் கொள்வர். நன்னூலும் முக்காலத்துக்கும் ஒத்த பொருளுக்கு நிகழ்கால வடிவைத் தனியே விதந்து கூறுகின்றது. காலப்பெயரும் காலப்பொருளும் என்றும் ஒன்றாகா என்பதை நம் இலக்கணகாரர் உணர்ந்திருந்தனர் என்பதற்கு இவை சான்றாம்.

இன்றைய வழக்கும் இதனை உறுதிசெய்கின்றது. 'ஞாயிறு கிழக்கில் உதிக்கும்', 'பசு புல் தின்னும்', 'எனக்குத் தெரியும்', 'அவளுக்குப் பிடிக்கும்', 'இது போதும்' என்பவற்றை நோக்குக. இவற்றுள் ஒன்றேனும் பேசும் கணத்து நிகழ்ச்சியைச் சுட்டவில்லை. இவையனைத்தும் ஆங்கிலத்திற் சாதாரண நிகழ்காலத்தாலேயே பெயர்க்கப்படுவன. வழக்கத்தைச் சொல்லும்போது தன்மையிலும் உயர்திணைப் படர்க்கையிலும், 'நான் காலையில் நடப்பேன்', 'அப்பா வெள்ளிதோறும் கோயிலுக்குப் போவார்' என, எதிர்காலம் எனப் பெயர்பெற்ற வடிவமே வருகின்றது. 'ஐ நோ' என்பதற்கு 'நான் அறிகிறேன்' என்று பொருள் எழுதும் நூல், தமிழர் எவரும் வாயாற் கூறாத ஒரு வாக்கியத்தை இடையில் நிறுத்தி, தெளிவாக இருந்த வழியை அடைத்துவிடுகின்றது. 'ஐ நோ' என்பது 'எனக்குத் தெரியும்' என்பதே. அதனை முதலிற் கூறியிருப்பின் 'ஐ ஆம் நோயிங்' என்ற பிழை அருகியிருக்கும்.

இதனால் 'உம்' ஈறும் ஆங்கில வடிவும் முற்றும் ஒன்றே எனக் கொள்ளுதல் ஆகாது. 'நாளை மழை பெய்யும்' என்பதில் அவ்வீறு எதிர்காலமே காட்டுகின்றது. 'நான் கண்டியில் வசிக்கிறேன்' என்பதில் 'கிறு' நிலைத்த பொருள் தருகின்றது. நாம் வேண்டுவது ஓர் அட்டவணைக்குப் பதிலாக மற்றோர் அட்டவணையன்று. இது இப்போது நிகழ்வதா, என்றும் உள்ளதா எனத் தம் தமிழ் வாக்கியத்தையே முதலில் ஆராயும் பழக்கத்தை மாணவரிடம் உண்டாக்குதலே வேண்டுவது.

எதிர்மறை காட்டும் வழி

எதிர்மறை வாக்கியத்தில் தமிழ் இவ்வேறுபாட்டை இன்னும் துல்லியமாகக் காட்டுகின்றது. 'அவர் தேநீர் குடிக்கவில்லை' என்பது ஒரு வேளைச் செய்தி. 'அவர் தேநீர் குடிப்பதில்லை' என்பது வழக்கம். 'ஹீ டஸ் நொற் டிரிங்க் ரீ' என்பதற்குப் பின்னதே நிகரானது. நூல்களோ முன்னதையே தருகின்றன. 'குடிக்கவில்லை' என்பது இறந்தகாலத்துக்கும் வருவதாகலின், நேற்றைய செய்திக்கும் 'டோன்ற்' என எழுதும் பிழை பிறக்கின்றது.

மற்றொன்றும் நோக்கற்பாலது. 'நான் போகவில்லை, அவன் போகவில்லை, அவர்கள் போகவில்லை' என்னுமிடத்துத் தலைமை வினை 'போக' என எச்சமாய் நிற்கின்றது. திணை பால் இடம் காட்டும் விகுதி அதில் இல்லை. ஆங்கிலத்தில் 'டஸ்' வந்தவிடத்து 'கோஸ்' என்பது 'கோ' ஆவதும் இத்தகையதே. படர்க்கை ஒருமைக்குரிய விகுதியைத் துணைவினை ஏற்றுக்கொண்டமையால் தலைமை வினை வெறும் வடிவாய் நிற்கின்றது. 'டஸ் ஹீ கோஸ்' எனப் பிழைபட எழுதும் மாணவருக்கு, 'போகிறான் இல்லை' என்னாது 'போகவில்லை' என்று தாம் கூறுவதை நினைவூட்டினாற் போதும். விதியை மனனஞ் செய்வதினும் இது எளிது.

வினா என்பது மாற்றமா, தேவையா?

தமிழில் வினா ஆக்கம் எளிது. அதன் எளிமையுள் நுட்பமும் உண்டு. 'கமலா நாளை வருவாளா?', 'கமலாவா நாளை வருவாள்?', 'நாளையா கமலா வருவாள்?' என, ஐயம் எச்சொல்லின்மேலோ அச்சொல்லின் ஈற்றில் ஆகாரம் அமரும். யாழ்ப்பாணப் பேச்சுவழக்கில் ஓகாரம் அவ்விடத்து நிற்றலும் உண்டு. 'எங்கே', 'எப்போது' முதலிய வினாச்சொற்கள் தம்மிடம் விட்டுப் பெயர வேண்டுவதில்லை. ஆங்கிலமோ வாக்கியத்தின் தலைப்பிலேயே வினாவை அறிவித்துவிடுகின்றது. வினாச்சொல் முன்வரும், துணைவினை எழுவாய்க்கு முன்செல்லும், துணைவினை இல்லாதவிடத்து 'டூ' வரவழைக்கப்படும். எழுவாயே வினாச்சொல்லாயின் அதுவும் வேண்டா.

இந்த 'டூ' ஆங்கிலத்துக்குத் தொன்றுதொட்டு உரியதன்று. ஷேக்ஸ்பியரின் நாடகங்களில், வினையையே எழுவாய்க்கு முன்வைத்து வினவுதலும் 'டூ' இட்டு வினவுதலும் ஆகிய இரண்டும் உள. 16ஆம், 17ஆம் நூற்றாண்டுகளிற் படிப்படியாகப் பின்னது நிலைபெற்றது. இவ்வரலாற்றை அல்வார் எலெகோர்ட் 1953இல் வெளிவந்த ஆய்வில் விரிவாக ஆராய்ந்துள்ளார். ஆங்கிலேயரே இரு நூற்றாண்டு தடுமாறி அடைந்த ஒழுங்கில் நம் மாணவர் சிறிது தடுமாறுதல் அறிவுக்குறைவு ஆகாது. இதனை ஆசிரியர் எடுத்துரைப்பின் வகுப்பறையில் நாணம் குறையும்.

ஆயினும், நூல்களின் பெருங்குறை விதியைப் பற்றியதன்று. 'பின்வரும் வாக்கியங்களை வினாவாக மாற்றுக' என்பதே அவை தரும் பயிற்சி. 'அவர் கொழும்பில் வசிக்கிறார்' என்பது முன்னரே தெரிந்துவிட்டது. அதனை 'அவர் கொழும்பில் வசிக்கிறாரா?' என மாற்றுபவர் எதையும் அறிய விரும்பவில்லை. அறியும் வேட்கையற்ற வினா வினாவின் உருவமேயன்றி வினாவன்று. பத்தாண்டு இவ்வாறு பயின்றவர் மெய்யாகவே ஒன்றை அறிய வேண்டிய பொழுதில் வாயடைத்து நிற்பது வியப்பன்று.

நன்னூல் வினாவை அறிவு, அறியாமை, ஐயம், கொளல், கொடை, ஏவல் என ஆறாகப் பகுத்தது, அதன் வடிவு நோக்கியன்று. வினவுவோன் உள்ளம் நோக்கியாம். ஆசிரியர் மாணவரிடம் கேட்பது அறிவினா. வகுப்பறையில் ஒலிப்பது பெரும்பாலும் அதுவே. மாணவர்க்கு உரியனவாகிய அறியாவினாவும் ஐயவினாவும் அங்கு இடம்பெறுவதில்லை. விருந்தினரிடம் 'தேநீர் குடிக்கிறீர்களா?' என நாம் கேட்பது கொடைவினா. அதனைச் சொல்லுக்குச் சொல் 'டூ யூ டிரிங்க் ரீ?' எனப் பெயர்த்தால் இலக்கணம் வழுவாது. ஆனால் விருந்தோம்பல் வழுவும். அது தேநீர் அருந்தும் வழக்கம் உண்டா என உசாவுவதாய் முடியும். இத்தகைய வேறுபாட்டை அறுவகை வினாப் பகுப்பு கொண்டு ஒரு பாடவேளையில் விளக்கிவிடலாம்.

சிறுவர்க்கு ஆங்கிலம் கற்பிக்கத் தொல்காப்பியமும் நன்னூலும் எதற்கு என வினவுவார் உளர். அவை சிறுவர்க்கல்ல, நூல் எழுதுவோர்க்கு வேண்டுவன. தாய்மொழியை விலக்கி ஆங்கிலத்தாலேயே கற்பித்தல் நன்று என்பாரும் உளர். ஆசிரியர் விலக்கினும் மாணவர் உள்ளம் தாய்மொழியோடு ஒப்பிட்டே தீரும். அவ்வொப்பீடு பிழையான அட்டவணையின்மேல் நிகழ்வதா, சரியான எடுத்துக்காட்டுகளின்மேல் நிகழ்வதா என்பதே எஞ்சும் வினா.

எனவே, இத்துறையில் தமிழ் பயின்றோர்க்கும் கடமை உண்டு. நம் மொழியின் வினையியலை நாமே எடுத்துரையாதுவிடின், பிறிதொரு மொழியின் அட்டவணை அதன்மேல் ஏற்றப்படும். அதனாற் தமிழும் திரிபுறும், ஆங்கிலமும் கைகூடாது. 'எனக்குத் தெரியும்' என்பதிலிருந்து தொடங்கும் ஒரு பாடம், 'எனக்கு விளங்கவில்லை, ஏன் இவ்வாறு?' என ஆங்கிலத்தில் எழுந்து கேட்கும் மாணவரிடம் முடிதல் வேண்டும். அவ்வினாவைக் கேட்கவைக்காத இலக்கண நூல், விதிகள் அனைத்தையும் பிழையறக் கூறினும், தன் பணியை நிறைவேற்றியதாகாது.