63-க்கு இரண்டு பெயர்

ஒலிப்பதிவுகளைக் குவித்துக் கொடுத்தால் செயற்கை நுண்ணறிவு இசையைத் தானே கற்றுக்கொள்ளும், இசை இலக்கணத்தை மென்பொருளில் வரையறுத்து வைக்கும் வேலை இனி வீண் என்பது இப்போதைய பேச்சு. அப்படிச் சொல்பவர்கள் அந்த வேலையை மிடியை வைத்தே எடைபோடுகிறார்கள். 1957இல் பெல் ஆய்வகத்தில் மேக்ஸ் மேத்யூஸ் கணினியை இசைக்க வைத்ததும், அறுபதுகளில் டார்ம்ஸ் குறியீடு இசைத்தாளை எழுத்துகளாக மாற்றியதும் அறிந்த கதை. 1983இல் வந்த மிடி, கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கான ஒப்பந்தம். எந்தக் கட்டை, எவ்வளவு விசையோடு அழுத்தப்பட்டது, எப்போது விடப்பட்டது என்பதே அதன் அக்கறை. அதில் குற்றமில்லை. கட்டையின் எண்ணையே ஸ்வரமாக எண்ணி, அதன்மேல் மாடி மாடியாகக் கட்டினார்களே, குற்றம் அங்கேதான்.

மிடியில் நடு சி 60 என்றால், டி ஷார்ப்பும் 63, ஈ ஃப்ளாட்டும் 63. முன்னது மேலே ஈயை நோக்கித் தவிக்கும். பின்னது சியோடு சேர்ந்து அமைதியாக நிற்கும். இந்த வேறுபாட்டைக் காக்க வால்டர் ஹியூலட் செய்த தந்திரம் அழகானது, போதிய கவனம் பெறாதது. ஸ்தாயியை 12க்குப் பதில் 40 எண்களாகப் பிரித்தார். ஏழு எழுத்துகள், ஒவ்வொன்றுக்கும் இரட்டை ஃப்ளாட் முதல் இரட்டை ஷார்ப் வரை ஐந்து நிலைகள், ஆக 35 பெயர்கள். மீதி ஐந்து இடம் காலி. சியிலிருந்து டி ஷார்ப் 7 எண் தள்ளி, ஈ ஃப்ளாட் 11 எண் தள்ளி. வெறும் கழித்தலிலேயே இலக்கணம் பேசுகிறது. நமக்கு இது புதிதல்ல: 12 ஸ்தானங்களுக்கு 16 பெயர் வைத்த மரபு நம்முடையது. ஸ-வை 60இல் வைத்தால் ஷட்ஸ்ருதி ரிஷபமும் சாதாரண காந்தாரமும் அதே 63. அவரோகணத்தில் காந்தாரமே இல்லாத நாட்டையின் 'ம ரி ஸ'வை, எண்ணை மட்டும் அறிந்த மென்பொருள் 'ம க ஸ' என்று படித்தால் அதைக் குறை சொல்ல முடியாது.

சூழலைப் பார்த்து இயந்திரம் இதையும் கற்றுவிடாதா என்று கேட்கலாம். கற்கலாம். ஆனால் கற்றது சரியா என்று சோதிக்க, விடைத்தாளில் யாரோ 'ரி' என்று எழுதியிருக்க வேண்டும். இன்னும் கூர்மையான மறுப்பு வேறு: பெயர் கிடைத்தாலும் ஸ்வரத்தின் அசைவான கமகம் எங்கே? எம்.ஐ.டி.யில் பிறந்த மியூசிக்21 என்ற மென்பொருள் திறமையானது, பெயரையும் காக்கிறது. எனினும் மேலைநாட்டு இசைத்தாளின் அளவுப் பெட்டிகளே அதன் எலும்புக்கூடு. டேவிட் ஹியூரனின் ஹம்ட்ரம் பார்வைக்கு வறட்டு எழுத்துக் கோப்பு. ஆனால் அதில் காலம் மேலிருந்து கீழே ஓட, பக்கத்துப் பக்கத்தில் எத்தனை நெடுவரிசைகளையும் வைக்கலாம். எதில் எந்தக் குறி, என்ன பொருள் என்பது பயன்படுத்துபவர் முடிவு. 1904இல் சங்கீத ஸம்பிரதாய பிரதர்சினியில் சுப்பராம தீட்சிதர் ஸ்வரத்தோடு கமகக் குறிகளையும் அச்சேற்றினாரே, ஏறக்குறைய அதே ஏற்பாடு. நாட்டையின் ரிஷபத்துக்கு ஒரு வரிசை, அதன் அசைவுக்கு அடுத்த வரிசை.